ஃபிச்சாவும் யூகோவும் ரொசாந்தாவின் கையெழுத்தும்

ஒரு வண்டி யாருடையது? பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவருடையதா, அது நடுவழியில் நின்றுபோனால் ஈரத் தரையில் முதுகைக் கொடுத்து அடியில் நுழைபவருடையதா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் அவசரப்பட்டுப் பதில் சொன்னவர்கள் ஏராளம். ரொசாந்தாவும் அவர்களில் ஒருத்தி. முப்பது வருடம் அவள் தவறான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் நிக்ஷிச் ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று உண்டு. 1992இலிருந்து அங்கே ஸ்பானர் பிடித்த கை ரொசாந்தாவின் கை மட்டும்தான். நிலமும், அதை ஒட்டிய வீடும் அவள் அப்பா பிளாகோதாவின் பெயரில் இருந்தன. பட்டறைக்கு வருபவர்கள் அவளை 'மேஸ்திரி' என்பார்கள். ஆனால் பட்டறைக்கு வழி கேட்டால் "பிளாகோதா பட்டறையா?" என்பார்கள். பிளாகோதா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். அந்தப் பட்டறையில் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை.

பட்டறை வாசலில் எப்போதும் இரண்டு கார்கள் நிற்கும். ஒன்று ஃபிச்சா. 1967இல் பிளாகோதா வாங்கியது. பால் கலந்த காபி நிறம். மற்றது சிவப்பு யூகோ, 1988. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் இருபது வருட இடைவெளியில் பிறந்தவை. ஃபிச்சாவைப் பார்த்தால் எல்லோரும் சிரிப்பார்கள். யூகோவைப் பார்த்தாலும் சிரிப்பார்கள். முதல் சிரிப்பு தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து வருவது. இரண்டாவது, கடைசி பெஞ்சு மாணவனைப் பார்த்து வருவது.

இரண்டாவது சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ரொசாந்தாவுக்கும் பிடிக்காது. எந்த வண்டியையும் அது பிறந்த காலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பாள். ஃபிச்சா பிறந்தபோது இந்த நாட்டில் கழுதைக்குத் தீனி போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். காருக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் அதை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். இன்ஜின் பின்னால் இருக்கும். சாமான் வைக்கிற இடம், பெட்ரோல் தொட்டி, உபரிச் சக்கரம் எல்லாம் முன்னால். கதவின் கீல் பின்பக்கம் இருப்பதால், ராணி இறங்குவது மாதிரி இறங்கலாம். இருக்கைகளுக்கு நடுவே தரையில் உள்ள சின்னக் கம்பியை இழுத்தால்தான் இன்ஜின் எழும். முதல் கியர் போடுவதற்கு வண்டி முழுதாக நிற்க வேண்டும். அவசரப்பட்டால் பல்லைக் கடிக்கும். ஆகஸ்ட் மாத ஏற்றத்தில் கொதித்துவிடாமல் இருக்க, பின்மூடியைத் திறந்து குச்சி முட்டுக் கொடுத்து ஓட்டுவோம். பாதி நாடு அப்படித்தான் முதல்முறையாகக் கடலைப் பார்க்கப் போனது.

யூகோ வந்தபோது காலம் மாறிவிட்டது. இன்ஜின் முன்னால் வந்தது, அதன் தலைமேல் உபரிச் சக்கரம் ஏறி உட்கார்ந்தது. பின்சீட்டை மடித்தால் ஒரு கிடா ஆட்டையும் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கையும் ஏற்றலாம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அதன் உறுப்புகள் நாட்டின் ஆறு குடியரசுகளிலிருந்தும் வந்தன. பிறகு நாடு உடைந்தது. ஒரே வண்டிக்குள் இருந்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று வெளிநாட்டுப் பொருள் ஆயின. எங்கள் மேல் பொருளாதாரத் தடைகள் விதிக்கப்பட்ட அந்த வருடங்களில், உலகமே கேலி செய்த அந்த வண்டிதான் எங்கள் ஊரில் கர்ப்பிணிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ரொசாந்தா அதை ஓடவைத்தாள். இன்ஜினுக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு பம்பை மூன்று பழைய பம்புகளிலிருந்து செய்தாள். நான் பார்த்திருக்கிறேன்.

அவளே ஒருமுறை சொன்னாள்: "ஃபிச்சா செஞ்சவன், ஏழைக்கும் ஒரு காரு வேணும்னு நெனச்சவன். யூகோ செஞ்சவன், அந்த ஏழைக்கு இப்ப ரெண்டு புள்ளைங்களும் ஒரு மாமியாரும் நெறைய அவசரமும் இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டவன். ரெண்டு பேரும் நல்லவனுங்கதான்."

இந்த யூகோவின் கதையைச் சொல்லியாக வேண்டும். ரொசாந்தா தொழில்நுட்பப் பள்ளியில் இயந்திரப் பிரிவு படித்தாள். பத்தொன்பது வயதில் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டப் போனாள். உருகிய இரும்பு கொதிக்கும் கொப்பரையைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, ஒரு துளி சிந்தாமல் நகர்த்துகிற வேலை. கீழே நிற்கிற நாற்பது ஆண்களின் உயிர் அவள் இடது மணிக்கட்டில். ஏழு வருடம் அப்படி உழைத்துச் சேர்த்த சம்பளத்தில் அந்தச் சிவப்பு யூகோவை வாங்கினாள். பதிவு செய்யப் போகும்போது பிளாகோதா சொன்னார், தன் பெயரில் எழுதிவிடலாம் என்று. நாளைக்கு நீ வேறு வீட்டுக்குப் போவாய், வண்டியும் உன்னோடு போய்விடக்கூடாதல்லவா என்றார். இருபத்தாறு வயதில் அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

அவள் வேறு வீட்டுக்குப் போகவில்லை. நான்கு வருடத்தில் ஆலை ஆட்குறைப்பு செய்தது, கிரேன் நின்றது, அப்பாவின் முற்றத்தில் பட்டறை போட்டாள். வண்டி மட்டும் 'அப்பாவோட யூகோ' ஆகிவிட்டது. அவளே அப்படித்தான் சொல்வாள். வாடிக்கையாளர்களிடம், பக்கத்து வீட்டில், என்னிடம். தன் கைக்காசில் வாங்கிய பொருளை இன்னொருவருடையது என்று தன் வாயாலேயே முப்பது வருடம் சொல்வதற்கு ஒரு பெண்ணைப் பழக்க முடியும் என்றால், அந்தப் பழக்கத்தின் பலத்தை நினைத்துப் பாருங்கள்.

பிளாகோதாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஒண்ணு" என்பார். பிறகு, "ஒரு பொண்ணும் இருக்கு" என்பார். வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட வம்ச மரம் தொங்கும். பதினான்கு தலைமுறை. கிளைக்குக் கிளை ஆண்களின் பெயர்கள். ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. எங்கள் ஊர் ஆண்கள் இந்தப் பதினான்கு பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். எல்லோரும் பாறைப் பிளவிலிருந்து நேராக வெளியே வந்தவர்கள் என்று நினைப்பு.

2018 அக்டோபரில் பிளாகோதா இறந்தார். வாரிசு விசாரணை அடுத்த மே மாதம் ஒரு வியாழக்கிழமை நோட்டரி அலுவலகத்தில் நடக்க இருந்தது. சட்டப்படி மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. அந்தச் சட்டம் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் எங்கள் மலைகளில் நடப்பது வேறு. மகள் நோட்டரி முன்னால் உட்கார்ந்து, என் பங்கு எனக்கு வேண்டாம், சகோதரனுக்கே போகட்டும் என்று கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் விடுதலைப் பத்திரம் என்கிறீர்களே, அதேதான். போட்டபின் மாற்ற முடியாது. யாரும் கத்தியைக் காட்டுவதில்லை. போடாதவளைப் பற்றித் தெருவே பேசும், அவ்வளவுதான். பிடுங்கிக்கொண்டால் குற்றம், பாசத்தைக் காட்டி வாங்கிக்கொண்டால் மரபு.

தானும் போட்டுவிடப் போவதாகத்தான் ரொசாந்தா என்னிடம் சொன்னாள். "கோய்கோவோட சண்ட போட்டுட்டு அப்புறம் நான் யாரோட பேசறது? எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்."

கோய்கோ அவள் தம்பி. ஐந்து வயது இளையவன். தலைநகரில் ஓர் அலுவலகத்தில் பெரிய வேலை. கெட்டவன் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது மருந்துகளை வாங்கி அனுப்பியவன், அடக்கத்தின்போது கதறி அழுதவன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் கியர் இல்லாத புதுக் காரில் வந்து இறங்கினான். என் வண்டி அன்று சக்கரம் கழற்றப்பட்டு ஜாக்கியில் நின்றது. அதனால் நானும் அங்கே இருந்தேன். ரொசாந்தா காபி போட்டாள். அவன் அப்பாவின் திராட்சைச் சாராயத்தை ஒரு சுற்று ஊற்றினான். ஊர்ச் செய்தி, மழை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தான். அடுக்குமாடி கட்டுகிறவன் ஒருவன் இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வீடு, முற்றம், பட்டறை, எல்லாம் சேர்த்து வேண்டுமாம். கட்டி முடித்ததும் அதில் ஒரு சின்ன வீட்டில் ரொசாந்தா இருந்துகொள்ளலாம்.

"நீ இருக்கற வரைக்கும் அது உனக்குத்தான்க்கா. யாரும் உன்ன வெளிய போன்னு சொல்ல முடியாது."

பட்டறை என்ன ஆகும் என்று அவள் கேட்டாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு கிரீஸ்ல கெடக்கப் போற? அம்பத்தேழு வயசாச்சு. ஒடம்பு ஓய்வு கேக்குது, நீதான் குடுக்க மாட்டேங்குற." பிறகு வாசலைப் பார்த்துக் கை நீட்டினான். "சும்மா விடுவேனா உன்ன? ரெண்டு வண்டில ஒண்ணு உனக்கு. நீயே எடுத்துக்கோ. எது நல்லதுன்னு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

அடுத்த மூச்சிலேயே, அலுவலகத்தில் பழைய கார் சங்கம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகிறார்கள், தனக்கு ஃபிச்சா கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னான். நல்ல தமக்கை என்றால் இந்த இடத்தில், உனக்குப் பிடித்ததை நீ எடுத்துக்கொள் தம்பி, மிச்சம் இருப்பது எனக்குப் போதும் என்று சொல்ல வேண்டும். அவன் அதற்காகக் காத்திருந்தான். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஆனால் கேள்வி இயந்திரத்தைப் பற்றியதாக இருந்துவிட்டது. தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவள் அவள். ஒரு கார்புரேட்டரைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"ஒக்காந்த எடத்துல சொல்ல முடியாது," என்றாள். "ரெண்டையும் எடு. கிர்னோவோ வரைக்கும் போய்ட்டு வரலாம்."

கிர்னோவோ மேட்டில் மே மாதத்திலும் நிழலான வளைவுகளில் பனி கிடக்கும். ஏறும்போது ஃபிச்சாவை அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். கோய்கோ யூகோவில் பின்னால் வந்தான். ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது கியரில் ஃபிச்சா ஒரு தையல் இயந்திரம் மாதிரி அடித்துக்கொண்டு ஏறியது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள், மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பது போல. உருகிக்கொண்டிருந்த பனி வளைவு ஒன்றில் யூகோவின் முன்சக்கரம் சற்றுச் சுழன்று தடுமாறியது கண்ணாடியில் தெரிந்தது. ஃபிச்சா நிற்கவே இல்லை. இன்ஜினின் கனம் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தள்ளுவதும் அதே சக்கரம்தான், பிடிக்காமல் என்ன செய்யும் என்றாள் ரொசாந்தா. அறுபதுகளில் யோசித்தவர்களை நினைத்து அவள் முகத்தில் ஒரு பெருமை. தன் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற முகம்.

மேட்டில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. கோய்கோ இறங்கி வந்து ஃபிச்சாவின் கூரையைத் தட்டிக்கொடுத்தான். ஜெயித்தது யார் என்று தெரிந்துவிட்டது, இறக்கத்தில் தான் ஓட்டுவதாகச் சொன்னான். தான் வளர்ந்ததே இந்த வண்டியில்தான் என்றான்.

"எறங்கும்போதும் ரெண்டாவது கியர்லயே வா," என்றாள் அவள். "பிரேக் மேலயே கால வச்சிட்டு வராத."

"எனக்கே சொல்லித் தரியா?"

அவன் முன்னால் போனான். யூகோவில் நாங்கள் பின்னால். நான்கைந்து வளைவுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. அவன் கியரை நான்காவதில் விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தியபடி இறங்கிக்கொண்டிருந்தான். கியர் இல்லாத காரில் பழகிய கால். ஃபிச்சாவின் பின்விளக்கு அணையவே இல்லை. ரொசாந்தா விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள், ஹாரன் அடித்தாள். ஊர்வலத்துக்கு அடிக்கும் ஹாரன் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் ஜன்னல் வழியே கையசைத்தான். பிறகு சக்கரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வண்டி வேகம் எடுத்தது. ரொசாந்தா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அடுத்த வளைவில் அவன் மலைப்பக்கம் திருப்பி, சரளைக் குவியலில் மூக்கை முட்டி நிறுத்தினான்.

நாங்கள் ஓடிப்போனபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அடி எதுவும் இல்லை. பிரேக் எரிந்த நாற்றம். ரொசாந்தா முதலில் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கைகளை, பிறகுதான் சக்கரத்தை.

"மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுதுக்கா." மூச்சு நிதானமானதும் கோபம் வந்தது. "இப்படியா வச்சிருப்ப வண்டிய? மேஸ்திரின்னு வேற ஊரே சொல்லுது."

அவள் கோபப்படவில்லை. சாலையோரக் கல்லில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள். பிரேக்கில் பழுதில்லை. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அந்தக் காலத்துச் சாமான். மூடிய பானைக்குள் சூடு சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். ஆறினால் வந்துவிடும், கொஞ்சம் பொறுத்துப் போய் மிதித்துப் பார். அதனால்தான் இறக்கத்தில் இன்ஜினை வைத்து வேகத்தைப் பிடிக்க வேண்டும்.

"அப்பா எனக்கு இதெல்லாம் சொல்லவே இல்லையே."

"எனக்கும் சொல்லல. நீ இந்த வண்டில வளரல, கோய்கோ. பின்சீட்ல தூங்கின."

அவன் வேறு பக்கம் பார்த்தான். பிறகு சமாதானம் பேசுகிற குரலில், எது நல்ல வண்டி என்று கேட்டான்.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். ஏறுவதற்கு ஃபிச்சா. பனியில் ஃபிச்சா. எந்தத் தெருவோரத்திலும் ஒரு ஸ்பானரை வைத்துப் பிரித்து மாட்டுவதற்கு ஃபிச்சா. ஆனால் தெரியாதவன் கையில் கொடுத்தால் அது மன்னிக்காது. யூகோ மன்னிக்கும். மழையில் வளைவு திரும்பினால் வால் வீசாது. பிரேக் டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். நாலு பேரையும் ஒரு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு இதே இறக்கத்தில் இறங்கினாலும் நிற்கும். இருபது வருடத்தில் மனிதன் கற்றுக்கொண்டதெல்லாம் அதில் இருக்கிறது.

"இத்தன பேரு கேலி பண்ணாலும் சொல்றேன். நல்ல வண்டி யூகோ."

கோய்கோவுக்கு அப்பாடா என்று இருந்தது. தனக்கு வேண்டியது ஃபிச்சா, அக்காவுக்குப் பிடித்தது யூகோ. கணக்கு நேராகிவிட்டது.

"அப்ப அதையே எடுத்துக்கோக்கா. மனசாரக் குடுக்கறேன்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. ரொசாந்தா கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக.

"எதக் குடுக்கற?"

"யூகோவ."

"அத வாங்கினது யாரு?"

"அப்பா."

"இல்ல. நான். ஏழு வருஷம் கிரேன்ல ஒக்காந்து வாங்கினேன். ஒனக்கு அப்ப இருபத்தியோரு வயசு. மறக்கற வயசு இல்ல."

நீயேதானே அப்பா வண்டி, அப்பா வண்டி என்று சொல்லிக்கொண்டிருப்பாய் என்றான்.

"சொன்னேன். அது என் தப்பு. இன்னைக்குத்தான் என் காதுல விழுந்துச்சு."

வீடு வரும்வரை ஃபிச்சாவை அவள்தான் ஓட்டி வந்தாள், இரண்டாவது கியரில்.

புதன்கிழமை அத்தை வெலிகா வந்தாள். பிளாகோதாவின் தங்கை, எண்பது வயது, தன் காலத்தில் கையெழுத்துப் போட்டவள். கோய்கோ போன் செய்திருக்க வேண்டும். தம்பியிடமிருந்து பங்கு வாங்கினவளுக்கு அது ஒட்டாது, கூடப்பிறந்தவன் வீட்டு வாசல் அடைத்துவிடும் என்றெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னாள். அத்தை இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் வாழ்க்கையை நியாயப்படுத்திக்கொள்ள அவளுக்கு அந்தப் பேச்சு தேவையாக இருந்தது. கடைசியில், "நானும்தான் போட்டேன். செத்தா போய்ட்டேன்?" என்று கேட்டாள்.

"சாகல அத்த. வாடகை வீட்ல இருக்கீங்க," என்றாள் ரொசாந்தா. பிறகு அத்தையை யூகோவில் ஏற்றி, நான்காவது மாடி வரை கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

அன்று மாலை அவள் என்னைக் கூப்பிட்டு, காலையில் நோட்டரி அலுவலகத்துக்குத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது. அதை மூடும் அளவுக்கு முக்கியமான விஷயமாக யாரும் அதைக் கருதவில்லை. நோட்டரி நல்ல மரியாதையான மனிதர். அனுதாபம் தெரிவித்துவிட்டு, இரண்டு பக்கக் காகிதத்தை ரொசாந்தாவின் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்தார். கோய்கோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொசாந்தா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். தவறவிட்ட போல்ட்டைத் தேடுகிற மாதிரி வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இது யாரு சொன்னது?"

நோட்டரிக்குப் புரியவில்லை.

"'எனக்கு வாரிசுப் பங்கு வேண்டாம், என் சுய விருப்பத்தின் பேரில் சகோதரனுக்கு விட்டுத்தருகிறேன் என்று அறிவிக்கிறேன்.' நான் இன்னும் வாயே தெறக்கலயே."

வழக்கமாக இப்படித் தயாராக வைத்துவிடுவோம், எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்று அவர் விளக்கினார். அவர் குரலில் கள்ளம் இல்லை. மழைக்காலத்தில் குடை எடுத்து வைத்த மனிதரின் குரல் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிப்பது அந்தக் கள்ளமின்மையை நினைத்துத்தான். ஒரு பெண்ணின் சுய விருப்பத்தை அவள் வருவதற்கு முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள்.

ரொசாந்தா காகிதத்தை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு என் பங்கு வேணும். பாதி. அதுல பட்டறை இருக்கற துண்டு எனக்கு வரணும். யூகோ நான் வாங்கினது. அப்பா பேர்ல இருக்கறதால சட்டம் ஒத்துக்காதுன்னா போகட்டும், அதையும் பங்குலயே சேத்துக்கங்க. ஆனா கோய்கோ குடுத்தான்னு மட்டும் எழுதாதீங்க."

நீங்கள் சொல்வதன் பொருள் உங்களுக்குப் புரிகிறதா என்று நோட்டரி கேட்டார். இன்னொருமுறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறவளிடம் யாரும் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று பந்தயம் கட்டுவேன். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கணினியில் வெகுநேரம் தேடினாள். துறப்புக்குப் படிவம் இருந்தது. மகள் பங்கை ஏற்றுக்கொள்வதற்குத் தயாராக ஒரு படிவமும் இல்லை. முதல் வரியிலிருந்து புதிதாக அடிக்க நாற்பது நிமிடம் ஆனது. முடித்து அச்செடுத்துக் கொடுக்கும்போது அந்த எழுத்தர் பெண் ரொசாந்தாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதைக் கோப்பின் பெயரில் சேமித்தாளா, தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டாளா, எனக்குத் தெரியாது.

கோய்கோ கையெழுத்துப் போட்டுவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். ரொசாந்தா படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்று அழுதாள். வென்றவள் மாதிரியே இல்லை. "இனிமே அவன் வரமாட்டான்," என்றாள்.

பதினோரு மாதம் அவன் வரவில்லை. தெரு பேசியது. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் பிரேக் சரியாகவில்லை என்று திரும்பி வந்தான். வீடு கோய்கோவின் பங்கில் போய் விலைக்கும் போனது. பட்டறைத் துண்டின் மேல் ரொசாந்தா இரண்டு அறை கட்டிக்கொண்டாள். ஃபிச்சாவை எடுத்துவர கோய்கோ ஒரு லாரியை மட்டும் அனுப்பினான். அதில் ஏற்றும்போது கதவு அடிபடாமல் பார்த்துக்கொண்டது அவள்தான்.

பன்னிரண்டாம் மாதம் அவனிடமிருந்து போன் வந்தது. ஃபிச்சா எழவில்லையாம். தலைநகரில் மூன்று பேர் பார்த்துவிட்டார்களாம். அவள் அன்றே யூகோவை எடுத்துக்கொண்டு போனாள். நிலத்தடி நிறுத்துமிடத்தில் கோய்கோ டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் மல்லாந்து அடியில் போனாள். இன்ஜினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கும் மின்பட்டை துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை அவன். வண்டி எழுந்ததும், "சாப்ட்டுட்டுப் போ. மீன் வாங்கி வச்சிருக்கேன்," என்றான். அவள் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மீன் கொஞ்சம் கருகிவிட்டது என்று என்னிடம் சொன்னாள், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பட்டறைக்கு வழி கேட்பவர்களிடம் தெருவில் இன்னும் சிலர் 'பிளாகோதா பட்டறை' என்கிறார்கள். திருத்துவது என் வேலையாகிவிட்டது.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அக்காவுக்கும் தங்கைக்கும் இன்னும் பங்கு பிரிக்கவில்லை என்றால், எந்த அலுவலகத்திலும் எந்தக் காகிதமும் அச்சாவதற்கு முன்னால், இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பாள். அதை ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். காபி ஆறும்வரை உட்கார்ந்து, இரண்டாம் முறையும் கேளுங்கள்.